யாருடைய நிறுவனம்?

"கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யாரென்று எல்லோரும் அரசிடம் சொல்ல வேண்டும் என்றால், பழங்குடிகளுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" அமெரிக்காவில் இப்படிக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி போலத் தோன்றுகிறது. ஆனால் அதன் அடிப்படையே பிழையானது.

2021 ஜனவரி 1 அன்று நிறைவேறிய நிறுவன வெளிப்படைத்தன்மைச் சட்டம் லெட்டர்பேட் கம்பெனிகளைக் குறிவைத்து வந்தது. டெலவேரிலோ வயோமிங்கிலோ உரிமையாளர் பெயரைச் சொல்லாமலே ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, அதன் வழியாகக் கள்ளப்பணத்தை ஓட்ட முடிந்தது. அதைத் தடுக்கத்தான், 25 சதவீதப் பங்கோ நிர்வாகப் பிடியோ வைத்திருப்பவர் யாரென்று கருவூலத்துறையின் ஃபின்சென் அமைப்புக்குத் தெரிவிக்கச் சொன்னார்கள். அந்த நோக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் ஒரு பழங்குடி அரசு முழுமையாகச் சொந்தமாக வைத்திருக்கும் காசினோவில் அந்த 25 சதவீதக்காரர் யார்? அப்படி ஒருவர் இல்லை. அது மொத்தச் சமூகத்தின் சொத்து. பழங்குடி மன்றத் தலைவர் தேர்தலில் தோற்றுப்போனால் அவர் கையில் ஒரு பங்கும் மிஞ்சாது. காசினோவின் நிகர வருமானத்தை 5 வகைச் செலவுகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது 1988-ஆம் ஆண்டுப் பழங்குடிச் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம். பழங்குடி அரசின் நிர்வாகமும் மக்கள் நலனும் அவற்றில் முதன்மையானவை. ஆண்டுதோறும் வெளித் தணிக்கை அறிக்கையும் தேசியச் சூதாட்ட ஆணையத்துக்குப் போயாக வேண்டும். எத்தனை தனியார் கம்பெனிகள் இப்படிக் கணக்குக் காட்டுகின்றன? டெக்சாஸ் மாநில அரசின் அமைப்பிடம் போய் உன் முதலாளி யார் என்று எவரும் கேட்பதில்லை. பழங்குடி அரசும் அரசுதான். விலக்குப் பட்டியலில் வெளிப்படைத்தன்மைச் சட்டமே இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது.

ஸ்காட் டக்கரை மறந்துவிட்டீர்களா என்பார்கள். மறக்கவில்லை. பழங்குடிகளின் பெயரை முன்னால் நிறுத்திக் கந்துவட்டிக் கடை நடத்திய அவர் 2017-இல் குற்றவாளியென்று தீர்ப்பானது. அங்கே ஒளிந்திருந்தவர் வெளியார். வெளியார் பங்கு சேர்ந்த நிறுவனத்துக்கு அந்த அரசு விலக்கு அப்படியே கிடைத்துவிடாதபடிதான் சட்டம் எழுதப்பட்டது. அது சரியான ஏற்பாடு.

உண்மையான சுமை விழுந்தது எளியவர்கள்மேல். பழங்குடிச் சட்டப்படி தனியார் பதிவுசெய்த சிறு நிறுவனமும் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. படிவம் தெருப் பெயரோடு வீட்டு முகவரி கேட்டது. நவஹோ பழங்குடி நிலத்தில் பல வீடுகளுக்குத் தெருவும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. வேண்டுமென்றே விதியை மீறினால் 2024 கணக்கில் நாளொன்றுக்கு 591 டாலர் வரை அபராதம். முகவரியே இல்லாதவர் என்ன எழுதுவார் என்று விதி எழுதியவர்கள் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

2025 மார்ச்சில் கருவூலத்துறை உள்நாட்டு நிறுவனங்கள் அனைத்துக்கும் விலக்கு அளித்தது. யாரைப் பிடிக்கச் சட்டம் வந்ததோ, அந்த டெலவேர் லெட்டர்பேட் கம்பெனிகளும் அதில் தப்பின. பழங்குடிகளின் விலக்கைப் பார்த்துச் சமநீதி கேட்டவர்கள், அதே கேள்வியை இப்போது கருவூலத்துறையிடம் கேட்கட்டும்.