'வீல்சேரில் போகலாம்' என்று எழுதினால் போதுமா? லண்டன் கால்வாய்ப் பாதை சொல்லும் கணக்கு

லண்டனில் ரீஜன்ட்ஸ் பூங்காவைச் சுற்றிவிட்டு, அப்படியே ரீஜன்ட்ஸ் கால்வாய்க் கரையோரமாக கேம்டன் மார்க்கெட் வரை நடப்பது ரொம்பப் பிரபலமான ரூட். சமமான பாதை, மர நிழல், பக்கத்திலேயே மெதுவாக நகரும் படகுகள். வீல்சேரில் வருபவர், ஸ்ட்ரோலரில் குழந்தையைத் தள்ளி வருபவர், முழங்கால் வலியுள்ள பெரியவர் என எல்லோருக்கும் ஏற்ற நடை என்றுதான் பார்த்தவுடன் தோன்றும்.

அது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அது லண்டனுக்கு மட்டுமான விஷயமும் இல்லை.

பூங்காவுக்குள் ஓகே, வாசல் வரை?

ரீஜன்ட்ஸ் பூங்கா சுமார் 395 ஏக்கர். ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. உள்ளே அகலமான தார்ப் பாதைகள், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத நிலம். சக்கரத்தில் வருபவருக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

ஆனால் பூங்காவின் பெயரையே வைத்திருக்கும் ரீஜன்ட்ஸ் பார்க் மெட்ரோ ஸ்டேஷனில் வந்து இறங்கலாம் என்று நினைத்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். லிஃப்ட் இருக்கிறது, ஆனாலும் படிக்கட்டைத் தவிர்த்துவிட்டுத் தெருவுக்கு வர முடியாது. அதனால் வீல்சேர் பயணிகள் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். லண்டன் பஸ்கள் தாழ்தளப் பேருந்துகள். கதவருகே சாய்தளம் நீளும், வீல்சேர் நிறுத்தத் தனி இடமும் உண்டு.

ஆக, நடை தொடங்கும் இடம் பூங்கா வாசல் கிடையாது, நம் வீட்டு வாசல். நடுவில் ஒரு இடத்தில் வழி அறுந்தாலும், பூங்காவுக்குள் எவ்வளவு நல்ல பாதை போட்டிருந்தாலும் அந்த நபருக்கு அதனால் பலன் இல்லை.

கால்வாய்க் கரை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது?

ரீஜன்ட்ஸ் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது 1820ல். மேற்கே பாடிங்டன் பக்கம் தொடங்கி, கிழக்கே லைம்ஹவுஸில் தேம்ஸ் நதியைச் சேரும் வரை சுமார் 14 கிலோமீட்டர். இன்ஜின் இல்லாத அந்தக் காலத்தில் சரக்குப் படகுகளைக் குதிரைகள்தான் இழுத்தன. குதிரை கரையில் நடக்கும், கயிறு படகில் கட்டியிருக்கும். அந்தக் கயிறு வருடக்கணக்கில் உரசி ஏற்படுத்திய பள்ளங்களைச் சில பாலத் தூண்களில் இன்றைக்கும் பார்க்கலாம்.

தண்ணீர் சரிவாக நிற்காது. அதை ஒட்டிப் போட்ட குதிரைப் பாதையும் அதனால் சமமாகவே அமைந்துவிட்டது. கேம்டனுக்கு மேற்கே, பூங்காவை ஒட்டிய பகுதியில், நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகளும் கிடையாது. குதிரைக்காகப் படி இல்லாமல் போட்ட பாதை, 200 வருஷம் கழித்து வீல்சேருக்குப் பயன்படுகிறது. யாரும் திட்டமிடாத ஒரு நன்மை!

அப்புறம் எங்கே சிக்கல்?

முதல் சிக்கல், கீழே இறங்குவது. பூங்காவை ஒட்டிய பகுதியில் கால்வாய் தரையைவிடத் தாழ்வான பள்ளத்தில் ஓடுகிறது. சில இடங்களில் சாய்தளம் உண்டு. சில இடங்களில் வெறும் படிக்கட்டுதான். எந்த இடத்தில் எது என்று தெரியாமல் போனால், சமமான பாதை கண்ணுக்குத் தெரியும், இறங்கத்தான் முடியாது.

இரண்டாவது, பாதையின் அகலம். பாலங்களுக்கு அடியில் ரொம்பக் குறுகும். அதே பாதையில் சைக்கிளும் வரும். தண்ணீர்ப் பக்கம் பல இடங்களில் தடுப்பு இல்லை. பார்வைச் சவால் உள்ளவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது, கேம்டன். அங்கே மதகுகள் ஆரம்பிக்கின்றன. பாலத்தின் சரிவுகளில் கரடுமுரடான கற்கள் பதித்திருக்கிறார்கள். குதிரைக் குளம்பு வழுக்காமல் இருக்க உதவிய அதே கற்கள், வீல்சேரில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பைக் குலுக்கிவிடும்.

இன்னும் கிழக்கே போனால் இஸ்லிங்டன் சுரங்கம், 878 மீட்டர். அதற்குள் நடைபாதையே கிடையாது. அந்தக் காலத்தில் குதிரையை அவிழ்த்து மேட்டின் மேல் நடத்திக் கூட்டிப்போவார்கள். இன்றைக்கு நடப்பவர்களும் தெருவுக்கு ஏறித்தான் போக வேண்டும்.

தகவலும் ஒரு சாய்தளம்தான்

இந்தச் சிக்கல்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் என்ன ஆகும்? எந்தச் சாய்தளத்தில் இறங்குவது, எங்கே ஏறுவது, கேம்டன் கற்களுக்கு முன்பே திரும்பிவிடுவதா என்று ஒருவர் வீட்டிலேயே முடிவு செய்யலாம். தெரியாமல் போனால் பாதி வழியில் நின்று, முன்பின் தெரியாத நாலு பேரிடம் "கொஞ்சம் தூக்கி விடுங்க" என்று கேட்க வேண்டியதுதான். ஒரு முறை அப்படி நின்றவர், அடுத்த முறை வெளியே கிளம்புவதற்கே யோசிப்பார்.

லண்டன் போக்குவரத்து நிர்வாகம் படியில்லா ஸ்டேஷன்களுக்கென்று தனி மேப் வெளியிடுகிறது. தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படி இல்லாமல் போக முடியுமா, பிளாட்பாரம் வரை மட்டும்தானா என்று அதில் தனித்தனிக் குறியீடு இருக்கும். பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எவ்வளவு உயரம் என்ற விவரமும் கிடைக்கும். எந்த லிஃப்ட் ரிப்பேர் என்பதையும் சொல்லிவிடுவார்கள்.

கவனியுங்கள், அங்கே மூன்றில் ஒரு பங்கு மெட்ரோ ஸ்டேஷன்கள்தான் படியில்லாமல் போகக்கூடியவை. 1863ல் ஆரம்பித்த பழைய ரயில் அது. பெருமைப்படும் அளவுக்கான எண்ணிக்கை இல்லை. ஆனாலும் மறைக்காமல் சொல்கிறார்கள். அதனால்தான் குறையுள்ள அமைப்பை வைத்துக்கொண்டும் மக்களால் நாளைத் திட்டமிட முடிகிறது.

சரி, நம்ம ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற 5 ஆண்டு கெடு வைத்தது. அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது.

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. அணுகல் தரங்களை வெறும் 'பரிந்துரை' அளவில் வைத்திருக்கும் விதி, சட்டத்துக்கே முரணானது என்றது. கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதாவது, சாய்தளம் போடுவது யாரோ ஒருவரின் பெருந்தன்மை இல்லை.

நம்மிடம் முயற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை மெரினாவில் கடல் அருகே போக மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது, பிறகு சீரமைத்தார்கள். கட்டுவது ஒரு நாள் விழா, பராமரிப்பது தினசரி வேலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஏரிக்கரையில் நடைபாதை போடும்போது...

லண்டன் கால்வாய்க் கணக்கு நம் ஏரிக்கரைக்கும் அப்படியே பொருந்தும். கரையின் மேல்பகுதி சமமாகத்தான் இருக்கும். அங்கே ஏறுவதுதான் பிரச்னை. லண்டனில் இறங்க வேண்டும், இங்கே ஏற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாய்தளத்துக்கான பொதுவான அளவு 1:12. ஒரு அடி உயர 12 அடி நீளம் வேண்டும். 3 மீட்டர் உயரக் கரைக்கு 36 மீட்டர் சாய்தளம், நடுநடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளம். டிசைன் போடும்போதே இடம் ஒதுக்கினால்தான் இது சாத்தியம். பாதை போட்டு முடித்து, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு பூசினால், அதில் பைக்தான் ஏறும், வீல்சேர் ஏறாது.

"இங்கே வீல்சேரில் யாருங்க வர்றாங்க?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. வர முடியாததால்தான் வரவில்லை. பைக் நுழையக் கூடாது என்று வாசலில் வைக்கும் குறுகலான வளைவுக் கம்பிகள் வீல்சேரையும் சேர்த்துத்தான் நிறுத்துகின்றன.

உள்ளாட்சி அமைப்புகள் நாளைக்கே தொடங்கக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் ஒரு பக்கத் தகவல் வெளியிட வேண்டும். வாசல் எத்தனை சென்டிமீட்டர் அகலம், படி எத்தனை, சாய்தளம் எந்தப் பக்கம், தரை மண்ணா கல்லா, பெஞ்ச் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று, வீல்சேர் நுழையும் கழிப்பறை உண்டா, பக்கத்து பஸ் ஸ்டாப்பிலிருந்து வழி எப்படி. இதற்கு ஒரு அளவு டேப்பும் ஒரு நாள் வேலையும் போதும்.

குறைகளை நாமே பட்டியல் போட்டால் கேள்வி வருமே என்ற தயக்கம் அதிகாரிகளுக்கு இருக்கலாம். கேள்வி வரட்டும். தகவல் தந்ததால் படியை இடிக்கும் கடமை தீர்ந்துவிடாது. ஆனால் எங்கே படி இருக்கிறது என்று எழுதி வைத்தால்தான், அடுத்த பட்ஜெட்டில் எதை முதலில் இடிப்பது என்றாவது தெரியும்.