மஞ்சள் சுவரும் மாதத் தவணையும்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் நிம்மதியாக நடந்து போக முடிவதில்லை. யாராவது யாரையாவது மஞ்சள் சுவர் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். "சார், ஒரு நிமிஷம்!" என்று நம்மை நிறுத்திவிடுவார்கள். ஐம்பதடிக்கு ஒரு தடவை இப்படி. பால் வாங்கப் போனவன் தயிரோடுதான் வீடு திரும்ப முடியும்.

எல்லாம் நம்ம பையன்கள்தான். சென்னையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். கழுத்தில் தொங்கும் கேமரா அநேகமாகத் தவணையில் வாங்கியது. படம் சுமாராக வந்தால் உடனே அடுத்த லென்ஸ் என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். பி.காம். படித்த பாவத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கேமரா என்பது அட்டைப்பெட்டியைப் பிரித்த நிமிடமே விலை இறங்கிவிடும் சொத்து. தேய்மானக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கம் வராது. தவணை மட்டும் தேயாது.

கோளாறு லென்ஸில் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பதினோரு மணி மேல்தான் சந்தேகம். இட்லி, பொங்கல், இரண்டாவது காபி எல்லாம் முடித்துக் கிளம்பினால் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடுகிறார். கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் மீசை மாதிரி விழுகிறது. அழகான பெண்ணுக்கே அப்படி என்றால் உங்கள் ரூம்மேட் கதி என்ன?

பாண்டியில் வெளிச்சத்தைப் படிப்பது ரொம்ப சுலபம். கட்டம் போட்ட ஊர். கிழக்கே கடல். துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதியெல்லாம் ஏறத்தாழக் கடலுக்கு இணையாக ஓடுகின்றன. குறுக்குத் தெருக்கள் நேராகக் கடலைப் பார்த்துப் போகின்றன. எனவே விடிந்ததும் குறுக்குத் தெருவுக்குப் போங்கள். சைக்கிளில் போகிறவரின் நிழல் தெரு நீளத்துக்கு விழும். எட்டு, எட்டரைக்கு மேல் நீள வீதிகளுக்கு வரலாம். கடலைப் பார்த்த சுவர்களில் வெயில் இறங்கியிருக்கும். எதிர் வரிசைச் சுவர்களுக்கு மாலையில்தான் வாழ்வு.

ஆள் படம் என்றால் வெயிலில் நிறுத்தாதீர்கள். வெயில் விழுந்த மஞ்சள் சுவருக்கு எதிரே, நிழலில் நிறுத்துங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி விழும். சுவர் படத்தில் வராது. ஆனால் வேலை செய்திருக்கும். இந்த ஒரு வித்தைக்கு ஸ்டுடியோவில் விளக்கு, குடை, துணி என்று எவ்வளவோ வாடகை ஆகும். இங்கே இலவசம்.

வெள்ளைச் சுவரில் வேறு தகராறு. கேமராவுக்கு உலகம் பூராவும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று ஒரு நம்பிக்கை. வெள்ளைச் சுவரைக் காட்டினால் 'அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா!' என்று தானாகவே குறைத்துக்கொள்ளும். சுவர் அழுக்காகிவிடும். அதன் முன் நிற்கும் நம் மாநிற மாப்பிள்ளை கரிக்கட்டையாகிவிடுவார். கேமராவில் ப்ளஸ், மைனஸ் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். ப்ளஸ் பக்கம் ஒரு படி தள்ளுங்கள். செல்போனானால் முகத்தின் மேல் விரலை வைத்தால் அநேகமாக ஒரு சின்னச் சூரியன் வரும். அதை மேலே தள்ளினால் போதும். அதற்கு முன்னால் செல்போன் லென்ஸைத் துடையுங்கள் ஐயா! வடை எண்ணெயோடு எடுத்துவிட்டுப் பனிமூட்டம் என்கிறீர்கள்.

இதே ஊருக்கு 1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். (அப்போது இது பிரெஞ்சுக்காரர் ஊர். நம் நிர்வாகத்துக்கு வந்தது 1954 நவம்பர் 1.) அரவிந்தர் பல வருடங்களாகத் தன்னைப் படமெடுக்க விட்டதில்லை. இவருக்கு அனுமதி கிடைத்தது. அறைக்குள் சுமார் பத்து நிமிடம். இவர் கேமரா சின்ன லைக்கா. வாழ்நாளில் பெரும்பாலும் உபயோகித்தது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைத்தான். ஃப்ளாஷ் என்றாலே ஆகாது. இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பார். நாற்காலியில் அரவிந்தர் அசையாமல் அமர்ந்திருக்கும் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அதே வருடம் டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தர் காலமானார்.

அந்தப் பத்து நிமிடம் நம் ஆளுக்குக் கிடைத்தால்? முதல் நான்கு நிமிடம் மெனுவில் எதையோ தேடுவார். இரண்டு நிமிடம் லென்ஸ் மாற்றுவார். ஒரு நிமிடம் மூடியைக் காணோம். மிச்சத்தில் முந்நூறு படம் தட்டிவிட்டு, ராத்திரி எல்லாவற்றையும் பார்க்கச் சோம்பல்பட்டுத் தூங்கிவிடுவார்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே தெரு முனை. ஒரே லென்ஸ். ஜூம் கிடையாது, வேண்டுமானால் காலால் நடங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு 36 படம். ஃபிலிம் ரோலில் அவ்வளவுதான் இருந்தது, கல்யாணமே அதில் அடங்கியது. சாயங்காலம் உட்கார்ந்து 36-ல் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மீதி 34 ஏன் தேறவில்லை என்று ஒரு டைரியில் எழுதுங்கள். நாலாவது வாரம் கேமராவை எடுக்கும் முன்பே 'இது தேறாது' என்று கைக்குத் தெரிந்துவிடும்.

கடற்கரையிலிருந்து திரும்பினால் உப்பை அன்றைக்கே மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள், லென்ஸுக்குள் பூசணம் பூக்கும்.

ஆள் முகம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். மீன் மார்க்கெட்டில் ஒரு பையன் தூரத்திலிருந்து பெரிய லென்ஸால் ஒரு அம்மாவை எடுத்துக்கொண்டிருந்தான். "இன்னாபா, திருட்டுத்தனமா? கிட்டக்க வா" என்றது அந்த அம்மா. போனான். அரை கிலோ சங்கராவும் வாங்கினான். கால் மணி நேரம் பேசிவிட்டு எடுத்தான். அடுத்த வாரம் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வந்து தந்தான்.

அந்த அம்மா படத்தைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தது.

"தராசு நல்லா வந்துருக்கு. நான்தான் கண்ண மூடிக்கினு இருக்கேன். இன்னொண்ணு எடு."