காய்ச்சல் போனது, நடையும் போனது!

பெரியவருக்கு 76 வயது. நிமோனியா காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். 10 நாளில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. "குணமாகிவிட்டது, அழைத்துப் போகலாம்" என்கிறார் டாக்டர். ஆனால், வரும்போது தானே நடந்து வந்தவரை, போகும்போது இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது!

இது எங்கோ ஒருவருக்கு நேரும் விபத்து அல்ல. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2,293 நோயாளிகளைக் கவனித்தார்கள். 2003-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நோய்க்கு முன் தாமே செய்துவந்த காரியத்துக்கு, வீடு திரும்பும்போது பிறர் கையை எதிர்பார்த்தவர்கள் 100-க்கு 35 பேர்!

எந்தக் காரியம்? குளிப்பது, உடுத்துவது, கக்கூசுக்குப் போவது, படுக்கையை விட்டு எழுவது, சாப்பிடுவது போன்றவைதான். அதே ஒஹையோவில், கிளீவ்லாந்து நகரில், டாக்டர் சிட்னி காட்ஸ் குழுவினர் இவற்றை வைத்து 1963-ல் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். மலஜலத்தை அடக்குவதையும் சேர்த்து ஆறே கேள்விகள். கருவி வேண்டாம், காசும் வேண்டாம்.

யார் படுத்துவிடுவார் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். ஜோசியம் அல்ல. 1996-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மூன்றைப் பார்க்கச் சொல்கிறது. வயது என்ன? நினைவும் புத்தித் தெளிவும் எப்படி? இரண்டு வாரம் முன்பு சமையல், கடை, பணக் கணக்கு ஆகியவற்றைத் தானே கவனித்தாரா?

நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தவறாமல் எழுதும் சீட்டில், இந்த மூன்றாவது கேள்விக்கு ஒரு வரி இடம் கொடுத்தால் என்ன? சேர்க்கும் அன்றே எழுதவேண்டும். போகும் நாளில் கேட்டுப் பயன் இல்லை.

வீட்டாரிடமும் பிழை உண்டு. அன்பினால் செய்யும் பிழை. "எழுந்திருக்காதீங்க அப்பா" என்று சோற்றை ஊட்டிவிடுகிறார்கள். நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால் சதையில் ஏறத்தாழ ஒரு கிலோ கரைந்துவிட்டது! இது 2007-ல் வெளியான செய்தி. நோயும் சேர்ந்தால் கேட்பானேன்?

டாக்டர் தடுக்காதவரை, அப்பாவைக் கட்டிலை விட்டு இறக்குங்கள். உட்கார்ந்து சாப்பிடட்டும். கைபிடித்து வராந்தாவில் நாலடி நடக்கட்டும். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால், மாலையில் வருகிறவர் அதை எடுத்து வரட்டும்.