பின்னால் இருப்பதும் உயிர்தானே!

காலை மணி எட்டரை. பள்ளிக்கூடம் போகிற நேரம்.

கடைத்தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. ஓட்டுகிறவர் தந்தை. அவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. பெட்ரோல் டாங்கின் மேல் மகன் உட்கார்ந்து இருக்கிறான். பின்னால், ஒரு பக்கமாகக் கால் போட்டபடி தாய். அவள் மடியில் கைக்குழந்தை.

வண்டி ஒன்று. உயிர் நான்கு. ஹெல்மெட்டோ ஒன்றே ஒன்று!

இந்தக் காட்சி தமிழ்நாட்டுக்குப் புதியது அல்ல. தினமும் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆபத்தே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

கணக்கு சொல்வது என்ன?

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இது மத்திய அரசாங்கத்தின் கணக்கு. இவர்களில் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் மட்டும் 74 ஆயிரத்து 897 பேர். அதாவது, 100 பேர் செத்தால் ஏறக்குறைய 44 பேர் மோட்டார் சைக்கிள் அல்லது ஸ்கூட்டரில் சென்றவர்கள்.

அந்த ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50 ஆயிரத்து 29 பேர். அவர்களில் 14 ஆயிரத்து 337 பேர் வண்டியை ஓட்டவே இல்லை. கூட உட்கார்ந்து சென்றவர்கள்!

தமிழ்நாட்டில் அதே ஆண்டு 64 ஆயிரத்து 105 விபத்துகள் நடந்தன. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். மாண்டவர்கள் 17 ஆயிரத்து 884 பேர்.

எதைப் பிடிப்பாள் தாய்?

ஓட்டுகிறவர் கையில் கைப்பிடி இருக்கிறது. எதிரே குழி வருவது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. பிரேக் போடப் போவதும் அவருக்குத் தெரியும்.

பின்னால் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பிடிமானம் இன்னும் குறைவு. கையில் குழந்தையும் இருந்தால், தாய் எதைப் பிடிப்பாள்? வண்டியையா, குழந்தையையா?

ஹெல்மெட் அதிகம் தேவைப்படுகிற அவளுக்குத்தான் ஹெல்மெட் இல்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் வண்டியில் ஏறலாம். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும். அதற்கும் சிறிய குழந்தைகளுக்காக 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் தனி விதி அமுலுக்கு வந்தது. குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும். ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்கு அதன் தலைக்கு ஏற்ற ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது.

ஹெல்மெட்டால் பலன் உண்டா? உண்டு. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் சாவு நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயம் 69 பங்கும் குறையும் என்று தெரிய வந்தது.

ஆனால் தாடைக்குக் கீழே உள்ள வாரைப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால், தலை தரையில் மோதும் முன்பே ஹெல்மெட் தனியாகப் பறந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும் முக்கியம்.

மற்றவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

ஹெல்மெட் மட்டும் போதுமா? போதாது. கார், பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்கும் பின்னால் ஒருவர் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சட்டென்று கதவைத் திறக்கிறார் ஒருவர். பின்னால் வந்த ஸ்கூட்டர் கதவில் மோதுகிறது. இதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது. ஓட்டுகிறவர் வலது பக்கக் கதவை இடது கையால் திறக்க வேண்டும். அப்போது உடம்பு தானாகத் திரும்பும். கண்ணும் பின்னால் போகும்.

பஸ்சும் லாரியும் இடது பக்கம் திரும்பும்போது, ஒட்டினாற்போல் வரும் மோட்டார் சைக்கிள் டிரைவரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். டிரைவர் திரும்பும் முன் விளக்குப் போட்டு, கண்ணாடியைப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள்காரரும் அந்தச் சந்தில் நுழையக் கூடாது.

குழியோ மணலோ வந்தால் இருசக்கர வண்டி விலகித்தான் போகும். ஆகவே, பின்னால் வரும் கார் இடைவெளி விட்டு வர வேண்டும்.

இன்னொன்று. பகலில் மோட்டார் சைக்கிளின் விளக்கு எரிந்தால், “விளக்கை அணை!” என்று கை காட்டுகிறவர்கள் உண்டு. அது மறதியால் எரிவது அல்ல. 2017-ம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த புதிய வண்டிகளில் என்ஜின் ஓடும்போது விளக்கும் எரிய வேண்டும் என்பது விதி. ஏன்? “இதோ, நான் வருகிறேன்” என்று மற்றவர்களுக்குத் தெரிவிக்கத்தான்!

திரும்பிப் பாருங்கள்

வண்டி வாங்கப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறோம். தவணை கட்டுகிறோம். இரண்டாவது ஹெல்மெட் மட்டும் வீண் செலவு என்று நினைக்கிறோம்.

நாளைக் காலை வண்டியைக் கிளப்பும் முன் தந்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். பின்னால் மனைவியின் தலையும் பிள்ளையின் தலையும் தெரியும்.

காரின் கதவைத் திறக்கிறவரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். பின்னால் வருவது வெறும் வண்டி அல்ல. ஒரு குடும்பம்!