வேலிக்கும் காவல் வேண்டும்

பயிரைக் காப்பதற்காக வேலி இடுகிறோம். அவ்வேலியே பயிரை மேயத் தொடங்கினால் உழவன் எங்கே சென்று முறையிடுவான்? இக்கேள்வி பழையது. எனினும், ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 2013 செப்டெம்பர் முதல் 2020 ஓகஸ்ட் வரை 136 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ஏஜெண்ட்ஸ் ஒஃப் ஷீல்ட்’ என்னும் தொடர் இக்கேள்வியையே உயிர்நிலையாகக் கொண்டது. அதிமானிட வீரரும் ஒற்றரும் மோதும் பொழுதுபோக்குக் கதைக்கு அரசியல் ஏட்டில் என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அதிகாரத்தைப் பற்றிய பாடம் எவ்விடத்திற் கிடைப்பினும் அதனைக் கற்பது குடிமக்களின் கடன் என்பதே நமது விடை.

ஷீல்ட் என்பது உலகைப் பேராபத்துகளிலிருந்து காப்பதற்கென அமைந்த இரகசிய நிறுவனம். பில் கோல்சன் என்னும் நற்பண்பு வாய்ந்த அதிகாரியின் தலைமையில் ஒரு சிறு குழு ஒரே விமானத்தில் உண்டு உறங்கிப் பணியாற்றுகிறது. இந்நிலையில், 2014 ஏப்ரல் 4ஆம் திகதி வெளியான ‘கப்டன் அமெரிக்கா: த விண்டர் சோல்ஜர்’ என்னும் திரைப்படத்தில், ஷீல்டின் பரம வைரியாகிய ஹைட்ரா அந்நிறுவனத்தினுள்ளேயே பல்லாண்டுகளாக வேரோடியிருந்தமை வெளிப்பட்டது. நான்கு நாட்களின் பின் ஒளிபரப்பான தொடரின் 17ஆம் பகுதியில், கோல்சனின் குழுவிலிருந்த கிராண்ட் வோர்ட், மேலதிகாரி விக்டோரியா ஹாண்டைச் சுட்டுக் கொன்று, ஹைட்ராவின் கையாளான ஜோன் கரட்டை விடுவித்தான். பின்னர், தன்னோடு ஒன்றாக உணவருந்திய பிட்ஸ், சிமன்ஸ் என்னும் இளம் விஞ்ஞானிகள் இருவரையும் ஒரு பேழையோடு கடலில் வீழ்த்தினான். வோர்ட்டின் நெஞ்சில் அன்பு எஞ்சியிருக்கிறது என்று இறுதிவரை நம்பியவன் பிட்ஸ். அந்நம்பிக்கைக்காக அவன் கொடுத்த விலை தன் மூளையின் நலம்.

துரோகி யார் என்று கேட்டால் வோர்ட் என்று எவரும் விரல் நீட்டுவர். அது எளிது. ஆனால், அத்துரோகம் அத்தனை காலம் எவ்வாறு மறைந்திருந்தது என்று கேட்பாரில்லை. அவ்விமானத்தில் இரகசியம் இல்லாதவர் யார்? கோல்சனின் உற்ற தோழியாகிய மெலிண்டா மே, அவரைப் பற்றிய செய்திகளை அவருக்கே தெரியாமல் பணிப்பாளர் நிக் பியூரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கோல்சனோ, மரித்தபின் உயிர்ப்பிக்கப்பட்டு, அவ்வேதனையின் நினைவு அழிக்கப்பட்டு, தஹிட்டித் தீவில் ஓய்ந்திருந்ததாகப் பொய் நினைவு ஊட்டப்பட்டவர். இவை யாவும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டவையே. ஆயினும், அனைவரும் முகமூடி அணிந்த வீட்டில் பகைவன் ஒருவனின் முகமூடியை மட்டும் பிரித்தறிவது எங்ஙனம்? துரோகத்தை ஹைட்ரா விதைத்தது உண்மை. அதற்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தது ஷீல்டே.

ஹைட்ரா உள்ளே நுழைந்த வாயிலும் கருதத்தக்கது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின், பயனுடையவன் என்ற ஒரே காரணத்துக்காக, பகைவரின் விஞ்ஞானியாகிய சோலாவை ஷீல்ட் வேலைக்கு அமர்த்தியது. இது வெறுங் கற்பனையன்று. 1945ஆம் ஆண்டு முதல் ‘பேப்பர்கிளிப்’ திட்டத்தின் கீழ் ஜெர்மானிய விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் 1,500க்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் நாஜிக் கட்சியின் உறுப்பினராய் இருந்தோரும் உளர்.

“அமைப்பில் தவறில்லை, தீயவரை அகற்றி நல்லவரை அமர்த்தினால் எல்லாம் சரியாகும்” என்போரை நாம் எங்கும் காண்கிறோம். இவ்வாதத்தைத் தொடரே மறுக்கிறது. பழிவாங்கும் வெறியில், வீழ்ந்து கிடந்த வோர்ட்டை அந்நியக் கிரகமொன்றில் நெஞ்சை நெரித்துக் கொன்றவர் நற்பண்புடைய கோல்சனே. பின்னாளில் பணிப்பாளரான மேஸ் இயற்கையிலேயே ஆற்றல் பெற்றவரல்லர், மருந்தின் வலிமையால் வீரராக நடிப்பவர் என்று அறிந்தபின்னரும், அவரையே மக்கள்முன் நிறுத்தி அப்பொய்யைத் தொடர்ந்தவரும் கோல்சனே. தோழரைக் காப்பதற்கென்று அளவற்ற ஆற்றலைத் தன் உடலில் ஏற்ற ஜெனரல் டல்போட், உலகைக் காக்க வல்லவன் தான் ஒருவனே என்று எண்ணி, உலகையே பிளக்கத் துணிந்தார். அவர் தீயவராகத் தொடங்கவில்லை. தம்மைத் தடுப்பார் எவருமில்லாத நிலையை அடைந்தார், அவ்வளவே.

நான்காம் பருவத்தில் வரும் மாற்றுலகம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. அங்கே கரட்டுக்குப் பதிலாக விக்டோரியா ஹாண்டின் கையில் வளர்ந்த வோர்ட் அடக்குமுறையை எதிர்க்கும் நம்பத்தக்க தோழனாகிறான். கொடிய தந்தையின் நிழலில் வளர்ந்த பிட்ஸோ ஹைட்ராவின் கொடுமைக்காரனாகிறான். நல்லவன், தீயவன் என்னும் முத்திரையோடு எவரும் பிறப்பதில்லை. ஆகவே, மனிதரின் நற்குணத்தை மாத்திரம் நம்பி அதிகாரத்தை ஒப்படைப்பது ஆற்றுமணலில் கோட்டை கட்டுவதாகும்.

இக்கதை பிறந்த நாட்டின் வரலாறும் இதற்குச் சான்று. 1964ஆம் ஆண்டில் எப்.பி.ஐ. நிறுவனம் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அவரை இழிவுபடுத்தி அச்சுறுத்தும் பெயரில்லாக் கடிதமொன்றை அனுப்பியது. இத்தகைய அத்துமீறல்களை 1975ஆம் ஆண்டில் செனட்டர் பிராங்க் சேர்ச் தலைமையிலான குழு விசாரித்து அம்பலப்படுத்தியது. அதன் பயனாக, உளவு நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிரந்தரக் குழுவொன்று 1976இல் செனட்டில் அமைந்தது. வேலிக்குக் காவல் வைத்தாயிற்று என்று மக்கள் ஆறுதலடைந்தனர். ஆனால், 2013 மார்ச்சில் தேசிய புலனாய்வுப் பணிப்பாளர் ஜேம்ஸ் கிளப்பர் அக்குழுவின் முன்னிலையிலேயே, கோடிக்கணக்கான அமெரிக்கரின் தகவல்கள் அறிந்தே திரட்டப்படுவதில்லை என்றார். மூன்று மாதங்களில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அக்கூற்றைப் பொய்யாக்கின. கோல்சனின் கதை தொலைக்காட்சிக்கு வந்தது அதே ஆண்டின் செப்டெம்பரில்.

ஒற்றரும் இரகசியமும் இல்லாமல் அரசு இயங்காது என்பதை நாம் மறுக்கவில்லை. வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால், ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனால் சோதித்தே ஏற்கவேண்டும் என்று அங்கேயே விதித்தார். இடித்துரைப்பார் இல்லாத மன்னனுக்குப் பகைவர் தேவையில்லை, அவன் தானே கெடுவான் என்றும் எச்சரித்தார். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று, சோதித்தபின் தருவது.

தொடர் தான் எழுப்பிய கேள்விக்கு முழு விடை கூறவில்லை என்பது நமது குறை. ஒவ்வொரு வீழ்ச்சியின் பின்னும் அது மீண்டும் ஒரு நல்ல தலைவரையே தேடிச் செல்கிறது. கதைக்கு அது போதும்; குடிமக்களுக்குப் போதாது. உங்கள் பாதுகாப்புக்காகவே இதனை உங்களிடமிருந்து மறைக்கிறோம் என்று எந்த அரசு கூறினாலும், மறைத்ததை யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், பிழை கண்டால் தண்டிக்கும் உரிமை எவருக்கு உண்டு என்னும் மூன்று கேள்விகளையும் நாம் கேட்டே தீரவேண்டும். அவற்றுக்கு விடை கூற மறுக்கும் அதிகாரம், அதனை ஏந்தியவர் எத்துணை நல்லவராயினும், தனக்கான வோர்ட்டை என்றோ வளர்க்கத் தொடங்கிவிட்டது.