ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள்



நானும் வீட்டுக்காரரும் காரில் மைசூரு போய்வந்த படங்களைப் போட்டதும் நிறையப் பேர் வாழ்த்தியிருந்தீர்கள். நன்றி. அந்தப் படங்களுக்குக் கீழே என் தங்கை மகன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "பெரியம்மா, நாங்க ரோடு டாக்ஸ் கட்டறோம், டோல் கட்டறோம். நேஷனல் ஹைவேயை ராத்திரி ஒம்பது மணிக்கு மூடினா என்ன நியாயம்?" அதற்கு நிறைய லைக். லைக் போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள். அதனால்தான் இரண்டு வரியில் முடிக்காமல் விரிவாகவே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் நாங்கள் போன வழி. காலையில் சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் ஆசனூர், காரப்பள்ளம் சோதனைச்சாவடி, பிறகு சாமராஜநகர், நஞ்சன்கூடு, மைசூரு. திரும்பும்போது குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, கூடலூர், ஊட்டி வழியாக இறங்கினோம். போகும்போதும் வரும்போதும் புலிகள் காப்பகத்துக்குள்தான் சாலை போகிறது. இரண்டு வழியிலும் இரவுத் தடை உண்டு.

திம்பத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். மேலிருந்து இறங்குகிற லாரிகள் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிகளுக்கு வழி விட்டன. மலைச்சாலையில் அதுதான் விதி. இறங்குகிறவர் பிரேக் பிடித்தால் நின்றுவிடலாம். பாரம் ஏற்றிக்கொண்டு ஏறுகிற வண்டி பாதி வளைவில் நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம். யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவருக்கு முதல் வழி. இதில் பெரிய வண்டி, சின்ன வண்டி, விலை உயர்ந்த வண்டி என்ற பேச்சே இல்லை. என் தங்கை மகனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இந்த ஒரு விதியில் இருக்கிறது.

காட்டுச் சாலையில் யாருக்குக் கஷ்டம் அதிகம்? ஒரு பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும், 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அதற்குக் கிடைக்காது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். சத்தியமங்கலம், முதுமலை, பந்திப்பூர், வயநாடு எல்லாம் நமக்கு மூன்று மாநிலத்துப் பெயர்கள். யானைக்கு அது ஒரே காடு. அந்தக் காட்டை நம் சாலைகள் குறுக்கே வெட்டுகின்றன. குட்டியை நடுவில் விட்டுச் சாலையைத் தாண்டுகிற தாய் யானையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுதான் பாரத்தோடு ஏறுகிற வண்டி. நாம் இறங்குகிற வண்டி. நமக்கு ஒன்பது மணிக்குப் பதில் காலை ஆறு மணிக்குப் புறப்படலாம் என்ற வசதி இருக்கிறது. அதற்கு அந்த வசதி இல்லை.

இரவுத் தடை யாரோ ஓர் அதிகாரி திடீரென்று போட்டதும் அல்ல. பந்திப்பூர் வழியில் 2009-லேயே இரவு 9 முதல் காலை 6 வரை தடை வந்தது. அடுத்த ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. திம்பம் சாலைக்கு 2019-ல் மாவட்ட ஆட்சியர் ஆணை வந்தும் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே அமலானது. காரணம், இரவில் வண்டிகளில் அடிபட்டுச் செத்த சிறுத்தைகளும் மான்களும்தான். முகத்தில் ஹெட்லைட் அடித்தால் மான் ஓடாது, கண் கூசி அப்படியே நின்றுவிடும். ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நொடியில் ஒன்றும் செய்ய முடியாது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தாளவாடி விவசாயிக்குக் காய்கறியைக் கீழே கொண்டுபோக அந்த மலைப்பாதைதான் வழி. வயநாட்டில் 2019-ல் பெரிய போராட்டமே நடந்தது. மலையில் இருப்பவர்களுடைய மருத்துவமும் பிழைப்பும் நம்முடைய சுற்றுலாவோடு சேர்த்துப் பேசக் கூடியவை அல்ல. அவர்களுக்கு வேண்டிய விலக்கை அரசு தாராளமாகத் தரட்டும். ஆனால் வார விடுமுறைக்கு மைசூரு போகிற நீயும் நானும் தாளவாடி விவசாயியின் தோளில் ஏறி நின்றுகொண்டு நியாயம் கேட்கக் கூடாது.

அடுத்து, பகலில் நாம் நடந்துகொள்கிற விதம். ஆசனூர் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு கார் நின்றது. சாலையோரத்தில் நான்கு யானைகள், ஒரு குட்டி. காரிலிருந்து ஓர் இளைஞர் இறங்கி, யானைக்கு முதுகு காட்டி நின்று செல்போனில் படம் எடுத்தார். பின் சீட்டுக் கண்ணாடி வழியாக ஒரு சின்னக் குழந்தை பிஸ்கட் பாக்கெட்டை நீட்டியது. பெரிய யானை காதை விரித்து இரண்டடி முன்னால் வந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏறு தம்பி, வண்டியில ஏறு!" என்று கத்தினார். அவர் ஏறினார். யானை நின்றது. அவ்வளவுதான். ஆனால் எனக்கு நெடுநேரம் கை நடுங்கியது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டவள் நான், அந்தப் பிஸ்கட் பாக்கெட் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இதே வழியில் கரும்பு லாரிகளை யானைகள் மறிக்கிற வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். யானைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? லாரியிலிருந்து சிந்திய கரும்பும், இரக்கப்பட்டு ஓட்டுநர்கள் வீசிய கரும்பும்தான். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொன்ன பாடம், பரிசு கொடுத்த செயலைப் பிள்ளை திரும்பச் செய்யும் என்பது. யானையும் அப்படித்தான். சாலையில் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட யானை சாலையிலேயே நிற்கும். ஒரு நாள் ஆளை அடிக்கும், அல்லது வண்டியில் அடிபடும். பெயர் மட்டும் அதற்குத்தான் வரும், "அட்டகாச யானை" என்று.

மைசூருவில் நகரத்தையும் பார்த்தோம். 1897-ல் பழைய மர அரண்மனை எரிந்துபோக, ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1912-ல் கட்டி முடித்த அரண்மனைதான் இப்போது இருப்பது. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒன்றாக எரிந்தபோது கூட்டமே 'ஓ' என்றது, நானும்தான். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்று உள்ளே போகிறோம். ஊருக்குள் சிவப்பு விளக்கு விழுந்தால் பேசாமல் நிற்கிறோம். நேரம் முடிந்து அரண்மனைக் கதவைச் சாத்தினால் "நான் டாக்ஸ் கட்டுகிறேன்" என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. மன்னர் வீட்டுக்குத் தருகிற மரியாதையை யானை வீட்டுக்கும் தந்தால் என்ன? சிக்னலும் போலீசும் இல்லாத இடத்தில் ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்பதில்தான் அவர் படித்த படிப்பு தெரியும். வாத்தியார் வெளியே போன பிறகு வகுப்பு எப்படி இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்ப்போமே, அதுபோல.

கணவனும் மனைவியுமாக, குடும்பமாக எல்லோரும் கட்டாயம் போய்வாருங்கள். முழங்கால் நன்றாக இருக்கும்போதே போங்கள். ஆனால் நான் சொல்வதையும் கேளுங்கள்:

1. காட்டுப் பகுதியை நல்ல வெளிச்சத்திலேயே கடந்துவிடுகிற மாதிரி நேரம் குறியுங்கள். 'எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று விரட்டி ஓட்டாதீர்கள்.

2. சாப்பாடு, கழிப்பறை எல்லாம் பண்ணாரிக்கு முன்பே, குண்டல்பேட்டைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் இறங்க வேண்டிய தேவையே வரக் கூடாது.

3. யானை நின்றால் தள்ளி நில்லுங்கள். ஹாரன் வேண்டாம், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பத்து நிமிடத்தில் அதுவே போய்விடும்.

4. குரங்குக்கும் மானுக்கும் எதையும் போடாதீர்கள். பிளாஸ்டிக் கவரை ஊர் வரை காரிலேயே வைத்திருங்கள்.

5. பின் சீட்டில் குழந்தை இருந்தால் இதையெல்லாம் வண்டி எடுக்கும் முன்பே அதற்குச் சொல்லுங்கள். நாம் சொன்னதை அது மறந்தாலும், நாம் செய்ததை மறக்காது.

சாமி, உன் கேள்வி தப்பில்லை. கேள்வி கேட்கிற பிள்ளைதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் டோல் கட்டினது தார் போட்ட சாலைக்கு. காட்டுக்கு நாம் இன்னும் ஒன்றும் கட்டவில்லை. ஒன்பது மணி நேரம் அதை இருட்டில் விட்டு வைப்பதுதான் நாம் கட்டுகிற வரி. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், படித்துவிட்டுப் பதில் போடுகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.