பாசியைப் படித்த ஊர்

1878-இல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் தண்ணீர் குடித்த ஆடுமாடுகள் செத்து விழுந்தன. மேலே படர்ந்திருந்த பச்சை ஏடுதான் காரணம் என்று ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சை உலகம் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். சென்னையில் அது தாது வருஷப் பஞ்சக் காலம். கூலிக்கு வந்த பஞ்சைகள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பக்கிங்காம் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மயிலாப்பூருக்கு மேற்கே, படகுப் போட்டி நடக்கும் அளவுக்கு நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது.

இன்று மிஞ்சிய நீர்நிலைகள் கபாலீசுவரர் தெப்பக்குளம், சித்திரக்குளம், படகு விடும் சேத்துப்பட்டு ஏரி போன்ற சில. வெயில் ஏறி நீர் வற்றும்போது, உள்ளே சேர்ந்த கழிவும் மீனுக்கு வீசும் பொரியும் பாசிக்கு உரமாகின்றன. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே இழுத்துக்கொள்கிறது. விடியலில் மீன்கள் வாய்பிளந்து மேலே வருவது இதனால்தான். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற இனமாக இருந்தால் கல்லீரலைத் தாக்கும் நஞ்சும் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது.

இந்த ஊருக்கு இது தெரியாத விஷயம் அல்ல என்பதுதான் என் ஆதங்கம். இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் வழிவந்த டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய ‘சயனோஃபைட்டா’வை இன்றும் பல நாட்டு ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். நீலப்பச்சைப் பாசிகளை இனம் இனமாகப் பிரித்துக் காட்டிய நூல் அது. அந்த அறிவு ஏன் குளக்கரைக்கு வரவில்லை? நீர் விளையாட்டுக்கு லிட்டருக்கு 24 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரம்பு சொன்னது. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குளிக்கும் நீருக்கான அளவுகோலோ மலக்கிருமியையும் ஆக்சிஜனையும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையையும் (பி.ஓ.டி.) கேட்கிறது, பாசி நஞ்சைக் கேட்பதே இல்லை.

தொடங்குவதற்குப் பெரிய செலவு வேண்டாம். கண்ணாடிப் புட்டியில் குளத்து நீரை எடுத்து அசையாமல் வைத்தால், நீலப்பச்சைப் பாசி பெரும்பாலும் மேலே வந்து பச்சை வளையமாக நிற்கும். குச்சியை விட்டு எடுத்தால் பெயின்ட் போலப் பூசிக்கொள்ளும். நூல் நூலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் வேறு பாசி. சந்தேகமானதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சுற்றிலும் தாவரவியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோடையில் வாரம் ஒருமுறை, மற்றக் காலத்தில் மாதம் இருமுறை இந்தச் சோதனையை அவர்களிடம் ஒப்படைத்து, மாநகராட்சி அதன் முடிவைத் தேதியோடு தெப்பக்குளப் படிக்கட்டிலும் சேத்துப்பட்டில் படகு டிக்கெட் தரும் இடத்திலும் தமிழில் எழுதி வைக்கட்டும்.